நான் செய்த தொலைநோக்கி

பரங்கிமலைக்குக் கிழக்கே, இருப்புப்பாதையைக் கடந்தால் ஆதம்பாக்கம். இன்று அது சென்னை மாநகராட்சிக்குள் அடங்கிய பகுதி. வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. இரவில் அண்ணாந்து நோக்கினால் பத்து விண்மீன்களை எண்ணுவதும் அரிது. நான் அங்கே ஒன்பதாம் வகுப்பில் பயின்ற 1986ஆம் ஆண்டில் நிலைமை வேறு. தெருவுக்கு நாலைந்து வெற்று மனைகள் கிடந்தன. எங்கள் கொல்லையில் கிணற்று மேடைமீது நின்று தெற்கே பார்த்தால், ஒரு தென்னை வரிசைக்கு மேலே வானம் தடையின்றித் தெரியும். அம்மேடையே எனது வானாய்வு நிலையம். அங்கிருந்த ஒரே கருவி நான் கையால் செய்த தொலைநோக்கி. அதன் ஒரு பகுதி கடையில் வாங்கியது. ஒரு பகுதி நானே ஒட்டிச் செய்தது. மற்றொரு பகுதி என் பாட்டியாரிடமிருந்து நான் திருடியது. இதனை ஒளிக்காமல் முதலிலேயே கூறிவிடுகிறேன்.

அவ்வாண்டில்தான் ஹாலி வால்மீன் வந்தது. ஏறத்தாழ எழுபத்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஞாயிற்றைச் சுற்றிச் செல்லும் வால்மீன் அது. செய்தித்தாள்கள் நாள்தோறும் அதனைப்பற்றி எழுதின. ஆனால், எனக்கு அதன்மேல் ஆவல் மூண்டது செய்தித்தாளால் அன்று, பாட்டியாரால். அவருக்கு அப்பொழுது வயது எண்பத்து நான்கு. தாம் எட்டு வயதுச் சிறுமியாக இருந்தபோது, செங்கற்பட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், சித்திரை மாதக் கடைசியில் அதனைக் கண்டதாக அவர் கூறுவார். "விடியற்காலையில் என் தாத்தா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். கீழ்வானத்தில் துடைப்பத்தை நட்டுவைத்தாற்போல நின்றது. அரை வானம் இருக்கும். ஊரே அழுதது, ராசா இறந்துபோனார் என்றார்கள்" என்பார். 1910ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் ஏழாம் எட்வர்டு மன்னர் இறந்தது உண்மை. அதே ஆண்டு சனவரியில் வேறொரு பெரிய வால்மீனும் தோன்றிற்று. ஹாலியைக் கண்டதாகச் சொன்ன முதியோர் பலர் உண்மையில் கண்டது அந்தச் சனவரி வால்மீனையே என்று அறிஞர் கருதுவர். அது மாலையில் மேல்வானில் தெரிந்தது. பாட்டியார் சொன்னதோ சித்திரை மாதம், விடியற்காலை, கீழ்வானம். ஆகவே அவர் கண்டது ஹாலியே என்பதில் எனக்கு ஐயமில்லை.

தொலைநோக்கி செய்யலாம் என்னும் எண்ணத்தை ஊட்டியவர் எங்கள் அறிவியல் ஆசிரியர். அவர் பாடத்தைவிட்டு விலகிப் பேசும் நேரங்களே எங்களுக்கு உயிர். "நாள்தோறும் அண்ணாந்து பார்க்கிறீர்களே பரங்கிமலை, அதன் பெருமை தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டார். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்ப்டன் என்பவர் அம்மலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏழரை மைல் தொலைவைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டிலிருந்து வளர்ந்த அளவைதான் பின்னர் இமயம்வரை சென்று எவரெஸ்டின் உயரத்தையும் கணித்தது. லாம்ப்டன் பயன்படுத்திய கோணமானி அரை டன் எடையுள்ளது. அதன் நடுவே பொருத்தியிருந்ததும் ஒரு தொலைநோக்கியே. நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு அமைந்த வானாய்வு நிலையத்தைப் பற்றியும் ஆசிரியர் கூறினார். அங்கே பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867ஆம் ஆண்டில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874ஆம் ஆண்டில் வெள்ளி ஞாயிற்றைக் கடந்தபோது, அதனைப் பொதுமக்களுக்கு விளக்கச் சிறு நூல் எழுதிப் பல இந்திய மொழிகளில் வெளிவரச் செய்தார். இவற்றையெல்லாம் கேட்டபின் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அப்பாவிடம் தொலைநோக்கி கேட்டேன். அவர் மாதச் சம்பளத்தின் கணக்கை வாய்விட்டுச் சொன்னார். நான் அப்பேச்சை விட்டுவிட்டேன். மூர் மார்க்கெட்டின் பழம்பொருட் கடைகளில் ஏதாவது அகப்பட்டிருக்கும். ஆனால், அது முந்திய ஆண்டே தீக்கு இரையாகியிருந்தது.

"விலைக்கு வாங்க வேண்டாம், இரண்டு குவி லென்சுகள் போதும்" என்றார் ஆசிரியர். கலிலியோ 1609ஆம் ஆண்டில் தம் கருவியில் ஒரு குவி லென்சையும் ஒரு குழி லென்சையும் அமைத்தார். இரண்டும் குவி லென்சுகளாகவே இருக்கலாம் என 1611ஆம் ஆண்டில் காட்டியவர் கெப்ளர். அவ்வாறு செய்தால் உருவம் தலைகீழாகத் தெரியும். விண்மீனுக்குத் தலை ஏது, கால் ஏது என்று அதனைப் பொருட்படுத்துவார் இல்லை. முன்னே நிற்கும் பொருளருகு லென்சு, தொலைவிலுள்ள பொருளின் உருவத்தைக் குழலுக்குள் சிறியதாய் வீழ்த்துகிறது. பின்னே நிற்கும் கண்ணருகு லென்சு அவ்வுருவத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. முன்னதன் குவியத் தூரத்தைப் பின்னதன் குவியத் தூரத்தால் வகுத்தால், எத்தனை மடங்கு பெரிதாகும் என்பது கிட்டும்.

பரங்கிமலை நிலையத்தருகே இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில், கூட்டல் ஒன்று என்னும் திறனுடைய, வெட்டாத வட்டக் கண்ணாடி ஒன்றை வாங்கினேன். அத்தகைய லென்சின் குவியத் தூரம் சரியாக ஒரு மீட்டர். கடைக்கார முதியவர், "யாருக்குத் தம்பி, அம்மாவுக்கா?" என்றார். "ஹாலிக்கு" என்றேன். அவர் அந்தப் பெயரைச் சீட்டில் எழுதிக்கொண்டார்!

குழல் செய்ததுதான் பெருவேலை. பழைய நீர்க்குழாய் ஒன்றின்மேல் தடித்த அட்டைத்தாளைச் சுற்றி, மைதாப் பசை தடவி, மீண்டும் சுற்றி, நிழலில் ஐந்து நாள் உலர்த்தினேன். முதற்குழல் பூசணம் பூத்துப் போயிற்று. இரண்டாவது குழலுக்குப் பசையில் மயில்துத்தம் சிறிது கலந்தேன்; தப்பித்தது. குழலின் உட்புறம் வெளுப்பாக இருந்தால் ஒளி சிதறி உருவத்தைக் கெடுக்கும். ஆதலால் விளக்குக் கரியைப் பசையில் குழைத்து உள்ளே பூசினேன். அதனுள் வழுக்கிச் செல்லுமாறு ஒரு சாண் நீள உள்குழல் ஒன்றும் செய்தேன். "உள்குழல் நீளமாகவே இருக்கட்டும், எங்கே தெளிவு கிட்டும் என்பதைக் கண்தான் சொல்லும்" என்று ஆசிரியர் கூறியிருந்தார். அச்சொல்லின் முழுப்பொருள் எனக்குப் பின்னரே விளங்கிற்று.

கண்ணருகு லென்சுக்கு எங்கே போவது? திருவிழாவில் வாங்கிய விளையாட்டுப் பூதக்கண்ணாடி உதவவில்லை. அப்பொழுது பாட்டியாரின் தகரப்பெட்டி நினைவுக்கு வந்தது. அவருக்கு இரு கண்களிலும் கண்புரை அறுவை நடந்திருந்தது. அந்நாளில் அவ்வறுவையில், புரை படிந்த கண்ணின் லென்சையே எடுத்துவிடுவது வழக்கம். அதற்கு ஈடாகச் சோடாப்புட்டிக் கண்ணாடி எனப்படும் தடித்த மூக்குக்கண்ணாடியை அணிய வேண்டும். இக்காலத்தில் கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்சு வைத்துவிடுவதால் அத்தகைய கண்ணாடியைக் காண்பது அரிதாகிவிட்டது. பாட்டியாரிடம் அது இரண்டு இருந்தது. சட்டம் தளர்ந்துபோன பழையதை, ஆத்திர அவசரத்துக்கு உதவும் என்று துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தார்.

ஒரு நண்பகல், அவர் உறங்கும்போது, அதனை எடுத்தேன். சன்னலுக்கு எதிர்ச்சுவரில் லென்சைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினேன். பத்துச் சென்டிமீட்டரில் வெளியே நின்ற தென்னை, தலைகீழாக, பச்சை நிறம் மாறாமல் சுவரில் விழுந்தது. இரண்டு லென்சுகளையும் ஒட்டிவைத்துப் பார்த்தேன். ஐந்து சென்டிமீட்டரில் விழுந்தது. நூறை ஐந்தால் வகுத்தால் இருபது! கலிலியோவின் கருவிக்கு ஏறத்தாழ அவ்வளவுதான் திறன். அதற்குமேல் என் மனச்சான்று பேசவில்லை. லென்சுகள் சட்டத்திலிருந்து எளிதில் வரவில்லை. விளக்குச் சுடரில் காட்டி இளக்கினேன். சட்டம் உருகிக் கோணிற்று. வெறுஞ்சட்டத்தை மீண்டும் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

மார்ச்சு நடுவில், வளர்பிறை பாதியாய் இருந்த மாலையில், முதன்முதலாகத் திங்களை நோக்கினேன். ஏமாற்றமே மிஞ்சிற்று. ஒளி மிகுதியாக இருந்தது. உருவமோ நீலமும் செம்மஞ்சளும் கலந்த விளிம்புடன் குழம்பி நின்றது. தனிக் கண்ணாடியால் ஆன லென்சு ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வோரிடத்தில் குவிக்கும். அதன் ஓரப்பகுதி செய்யும் குழப்பமே பெரிது. நடுவே இரண்டரைச் சென்டிமீட்டர் துளையிட்ட கறுப்புத்தாள் வட்டம் ஒன்றை லென்சின் முன் ஒட்டுமாறு ஆசிரியர் சொன்னார். அரும்பாடுபட்டு வாங்கிய லென்சில் ஆறில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துவதா என்று மனம் நொந்துகொண்டே ஒட்டினேன். மறுநாள் மாலை திங்களில் மலைகளைக் கண்டேன். ஒளிக்கும் இருளுக்கும் இடைப்பட்ட எல்லையில், கிண்ணம் கிண்ணமாகப் பள்ளங்கள். ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு பாதி கறுப்பு நிழல். நான் கூவிய கூவலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. (இத்தகைய கருவியால் ஞாயிற்றை மட்டும் ஒருபோதும் நோக்கலாகாது. ஒரு நொடியில் பார்வை போய்விடும். இதனை நான் எங்கே எழுதினாலும் எழுதாமல் விடுவதில்லை.)

ஏப்ரல் முதல் வாரத்தில் அந்தத் தீங்கு நேர்ந்தது. கிணற்றடியில் முகம் கழுவும்போது பாட்டியாரின் மூக்குக்கண்ணாடி கைதவறிக் கருங்கல்மீது வீழ்ந்து நொறுங்கிற்று. "போனால் போகிறது; பெட்டியில் பழையது இருக்கிறது, எடுத்து வா" என்று அவர் என் தாயாரிடம் கூறியது என் காதில் விழுந்தது. நான் கொல்லையில் அசையாமல் நின்றேன். பெட்டி திறக்கும் ஓசை கேட்டது. பின்னர், ஓசையே இல்லை.

நானே உள்ளே சென்று உண்மையைச் சொன்னேன். அப்பா கையை ஓங்கினார்; பாட்டியார் குரலைக் கேட்டுத் தாழ்த்தினார். "அடிக்காதே. லென்சு எங்கும் போகவில்லையே" என்றார் அவர். பிறகு என் பக்கமாக, நான் நின்ற இடத்துக்குச் சற்று விலகி, முகத்தைத் திருப்பி, "கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே, கண்ணா" என்றார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். அவருக்கு அது தெரியவில்லை. அப்பாவின் அடி விழுந்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். அந்த இரண்டடி இன்னும் மறக்கவில்லை.

உருகிய சட்டத்தில் லென்சுகள் மீண்டும் பொருந்தவில்லை. அவ்வளவு தடித்த கண்ணாடி செய்துவர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரம் முழுவதும் நான் அவருக்குக் கண்ணானேன். கைபிடித்துக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றேன். அரிசியில் கல் பொறுக்கினேன். செய்தித்தாளைப் படித்துக் காட்டினேன். செய்தித்தாளிலோ நாள்தோறும் வால்மீன். ஏப்ரல் 11ஆம் நாள் அது புவிக்கு மிக அருகில் வரும் என்றும், அமாவாசையை ஒட்டிய நாளாதலால் வானம் இருண்டிருக்கும் என்றும் எழுதியிருந்தது. நான் அந்தப் பத்தியை மட்டும் படிக்காமல் தாண்டிவிடுவேன். தொலைநோக்கி பரண்மேல் கிடந்தது. அதனைத் தொடக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை.

ஏப்ரல் 10ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் யாரோ என் தோளைத் தொட்டார்கள். பாட்டியார் சுவரைத் தடவிக்கொண்டு வந்திருந்தார். "ஏண்டா, வால்மீன் வந்திருக்கிறதாமே, நீ பார்க்கவில்லையா?" என்றார். அப்பா வைவார் என்றேன். "அவன் என் பிள்ளை. அந்தக் குழலை எடு" என்றார்.

கிணற்று மேடையில் குழலை முக்காலிமேல் சாத்தி, செங்கல் அண்டை கொடுத்து நிறுத்தினேன். தெற்கே அடிவானுக்குச் சற்று மேலே ஆல்ஃபா சென்டாரியும் அதன் பக்கத்து விண்மீனும் பளிச்சென நின்றன. அவற்றுக்கும் மேலே, வெறுங்கண்ணுக்கு இருக்கிறதோ இல்லையோ என ஐயுறும்படி ஒரு மங்கல் தெரிந்தது. வால்மீனுக்குக் கூர்மையைவிட ஒளியே வேண்டும். ஆதலால் முன்னே ஒட்டியிருந்த கறுப்புத்தாளைக் கிழித்தெடுத்தேன். குழலில் நோக்கினேன். நீராவி படிந்த கண்ணாடியில் விரல் வைத்தாற்போல ஒரு வெளிறிய புகை. நடுவில் சிறிது அடர்த்தி. துடைப்பம் இல்லை, அரை வானம் இல்லை.

பாட்டியாருக்கு என்ன காட்டுவது? கண்ணாடி இல்லாத அவருக்கு என் முகமே தெரியாதே. ஆயினும், "நானும் பார்க்கிறேன்" என்று குனிந்தார். முதலில் ஒளிமிக்க ஆல்ஃபா சென்டாரிக்குக் குழலைத் திருப்பி வைத்தேன். "ஏதோ பெரிய வெளுப்பு, இட்டலி மாதிரி இருக்கிறது" என்றார். என் நெஞ்சு தளர்ந்தது. நான் ஒன்றும் சொல்லுமுன் அவர் தாமாகவே உள்குழலைப் பற்றி, ஊசியில் நூல் கோப்பவரைப்போல மெல்ல மெல்ல வெளியே இழுத்தார். "சிறுக்கிறது... இன்னும் சிறுக்கிறது... அடே! புள்ளியாகிவிட்டது. விண்மீன்!" என்றார்.

நான் நம்பவில்லை. குனிந்து பார்த்தேன், எனக்கு எல்லாம் கலங்கல். அவர் பார்த்தார், அவருக்குத் தெளிவு. மறுநாள் ஆசிரியர் விளக்கினார். என் கண்ணுக்கு, லென்சு உருவத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டரில் இருந்தால் போதும். கதிர்கள் இணையாக வெளிவரும். எஞ்சியதை என் கண்ணின் லென்சு செய்துகொள்ளும். பாட்டியாரின் கண்ணில் லென்சே இல்லை. அதற்குக் கதிர்கள் குவிந்துகொண்டே உள்ளே புக வேண்டும். லென்சைப் பின்னுக்கு இழுத்தால் அவை அவ்வாறே வெளிவரும். நான் பிடுங்கிய கண்ணாடி, குழலுக்குள் இருந்தபடியே, அவருக்குத் தொலைநோக்கியாகவும் மூக்குக்கண்ணாடியாகவும் ஒருங்கே பயன்பட்டிருக்கிறது. எவ்வளவு இழுத்தார் என்று பின்னர் அளந்தேன். ஐந்து சென்டிமீட்டர். உள்குழலில் என் கண்ணுக்கு ஒரு கோடும் அவர் கண்ணுக்கு ஒரு கோடும் பென்சிலால் இட்டுவைத்தேன். அவை இன்னும் அழியவில்லை.

பிறகு குழலை வால்மீனுக்குத் திருப்பினேன். அவர் நெடுநேரம் நோக்கினார்.

"இதுவா அது?"

"ஆம் பாட்டி. 1910இல் நமக்கு இரண்டு கோடியே முப்பது லட்சம் கிலோமீட்டர் அருகில் வந்ததாம். இப்பொழுது ஆறு கோடிக்கு மேல் தள்ளிப் போகிறதாம். அதனால்தான்..."

"தள்ளிப் போனால் போகட்டும். திரும்பி வந்ததே பெரிது" என்றார்.

பின்புறம் காலடி ஓசை கேட்டது. அப்பா நின்றுகொண்டிருந்தார். நான் குழலைவிட்டு விலகினேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, கூடத்து நாற்காலியைத் தூக்கிவந்து, பாட்டியாரின் பின்னே வைத்துவிட்டுப் போனார்.

தமிழ்ப் புத்தாண்டுக்குப் பின் புதிய கண்ணாடி வந்தது. பழைய லென்சுகளைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் வாங்கவில்லை. அந்த வால்மீன் 2023ஆம் ஆண்டு திசம்பரில் தன் பாதையின் மிகத் தொலைவான முனையை அடைந்து திரும்பி, 2061ஆம் ஆண்டை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.

அவ்வாண்டு மே மாதத்தில் சனிக்கோள் கேட்டை விண்மீனுக்குச் சற்று வடக்கே, இரவெல்லாம் தெரியுமாறு நின்றது. அதன் வளையமும் அப்பொழுது நம்மை நோக்கி நன்கு விரிந்திருந்தது. என் கருவியின் இருபது மடங்குத் திறனுக்கு வளையம் வளையமாகத் தெரியவில்லை. இருபுறமும் புடைத்த ஒரு முட்டையாகவே தெரிந்தது. கலிலியோவும் 1610ஆம் ஆண்டில் அதனை மூன்று கோள்கள் ஒட்டி நிற்பதாகவே எண்ணினார். பாட்டியார் சனிக்கிழமைதோறும் சனீசுவரனுக்கு எள் விளக்கு ஏற்றுபவர். அவரைக் காட்டுவதா என்று தயங்கினேன். அவர் புதிய கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, உள்குழலைத் தம் கோடுவரை இழுத்து, நோக்கினார்.

"இவருக்குக் காது இருக்கிறதே!" என்றார்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் விளக்கை ஏற்றிவிட்டு, தம் குறைகளை முன்னைவிடச் சற்று உரக்கவே முறையிடத் தொடங்கினார்.